செய்தி: செய்ததா, சொன்னதா?

நியூஸ் என்பது நான்கு திசைகளின் முதலெழுத்துக் கூட்டு என்று மேடையில் சொல்லாதவர் இல்லை. பத்திரிகைச் சுதந்திர தினம் என்று மே 3 ஆம் திகதி எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் இந்தப் பழங்கதை ஒருமுறையாவது கேட்டுவிடும்: நோர்த், ஈஸ்ற், வெஸ்ற், சவுத். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். ஆங்கிலத்தில் நியூ என்றால் புதிது. புதியவை என்று அதைப் பன்மையாக்கினார்கள், அவ்வளவுதான். திசைகாட்டிக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திருகோணமலையில் நின்றுகொண்டு இதைச் சொல்பவர்களிடம் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அவர்கள் கணக்கில் முதல் இரண்டு எழுத்தும் வடக்கு, கிழக்கு. அந்த இரண்டிலும் நடந்தவை மற்ற இரண்டுக்கும் எப்போது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன?

ஆங்கிலச் சொல்லை ஆங்கிலேயர் பார்த்துக்கொள்ளட்டும். தமிழ்ச் சொல்லிலும் கைவைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ‘சேய்மையிலிருந்து வருவது சேய்தி, அது குறுகிச் செய்தி’ என்று ஒரு விளக்கம் உலவுகிறது. பேச்சில் ‘சேதி’ என்று நீட்டிச் சொல்கிறோமாம், அதுவே சான்றாம். மழை பெய்யுது என்பதை ‘மழை பேயுது’ என்கிற வாய்தான் செய்தியைச் சேதி என்கிறது. மழையும் சேய்மையிலிருந்து வருகிறது என்பார்களோ? யகர மெய் தேய்ந்தால் முன்னுள்ள உயிர் நீளும். பாமர வாயில் நாள்தோறும் நடக்கிற காரியம் இது. இதைப் பிடித்துக்கொண்டு தலைகீழாய் ஏறுவது ஆராய்ச்சி ஆகாது.

உய் என்பதிலிருந்து உய்தி, மற என்பதிலிருந்து மறதி, தகு என்பதிலிருந்து தகுதி, கெடு என்பதிலிருந்து கெடுதி. இந்த வரிசையில் செய் என்பதிலிருந்து செய்தி. தி என்னும் தொழிற்பெயர் விகுதி ஏறிய நேரான சொல். செய்யப்பட்டது எதுவோ அது செய்தி. சொல்லப்பட்டது என்ற கருத்து இதன் உடம்பில் எங்கும் இல்லை. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை அடுக்கும் நூற்பாவை வாசகர் அறிவர். தெய்வம் தொடங்கி யாழ் வரை போகும் அந்தப் பட்டியலில் செய்தியும் ஒன்று. அங்கே அதற்குப் பொருள் தொழில், அந்தந்த நிலத்தார் செய்யும் வேலை. நெய்தலுக்குச் செய்தி மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும். அந்தக் கணக்கில் திருகோணமலை மாவட்டத்தின் தலைப்புச் செய்தி குச்சவெளியில் கரைவலை இழுப்பதுதான். என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது வேறொன்று. நூற்பாவில் செய்திக்கு முந்திய சொல் பறை. பறை என்றால் கொட்டும் கருவி என்பதோடு, எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அப்படித்தான் பறைகிறார்கள். அறிவிக்கும் பறையும் செய்யும் செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றொன்றாகவில்லை. இரண்டும் ஒன்றென்றால் நூற்பா செய்தவர் இரண்டு இடம் கொடுத்திருக்க மாட்டார். ‘அது ஓசைக்காக அமைந்த வரிசை’ என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

அடுத்தது புறநானூறு. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய 34 ஆம் பாட்டில், பெரும் பாவங்கள் செய்தார்க்கும் கழுவாய் உண்டு, செய்தியை அழித்தார்க்கு உய்வே இல்லை என்ற கருத்து வருகிறது. கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களின் நினைவுக் கூட்டங்களில் இந்த அடியை எடுத்துப் பதாகையில் எழுதிவிட்டு, ‘செய்தியைக் கொன்றவனுக்கு மன்னிப்பில்லை என்று சங்கப் புலவனே சொன்னான்’ என்று முழங்குகிறார்கள். முழக்கத்தின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் ஆலத்தூர் கிழார் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பாடவில்லை. அங்கே செய்தி என்றால் பிறர் செய்த நன்றி. குறளின் 110 ஆம் பாட்டில் வள்ளுவர் சொல்லும் அதே செய்ந்நன்றி. கிழார் நன்றி என்ற சொல்லையே விட்டுவிட்டுச் செய்தி என்ற ஒன்றையே வைத்தார். விட்டும் பொருள் நின்றது. செய்தி என்றாலே செய்தது. நல்லதா கெட்டதா என்பதை இடம் சொல்லும்.

ஆக, ஓரிடத்தில் தொழில், ஓரிடத்தில் உதவி, இன்று நாம் காலையில் பேப்பரில் தேடுவது. மூன்றும் ஒரே வேர். மூன்றாவது பொருள் எப்படிக் கிளைத்தது என்பதற்கு வரலாறு என்ற சொல்லைப் பார்த்தால் போதும். வரல் ஆறு என்றால் வந்த வழி. பிறகு வந்த வழியைச் சொல்லும் நூலும் வரலாறு ஆகிவிட்டது. நடந்த காரியத்தின் பெயர், அதைப் பற்றிய சொல்லுக்கு ஆகிவருகிறது. காரியம் முதலாளி, சொல் குடியிருப்பவர். குடியிருப்பவர் வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதைதான் இன்றைய பத்திரிகை.

நான் மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர் ஏதாவது ஒரு நாளேட்டின் மாவட்டச் செய்திப் பக்கத்தை எடுத்து, வாக்கிய முடிவுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போகவும். தெரிவித்தார். குறிப்பிட்டார். சுட்டிக்காட்டினார். வலியுறுத்தினார். மேலும் தெரிவித்தார். கச்சேரியில் கூட்டம், அதிபர் உரை, அமைச்சர் வருகை, அரசியல்வாதியின் கண்டனம். (தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல்: எங்கள் கச்சேரியில் பாட்டு இருக்காது, அது மாவட்டச் செயலகம்.) பக்கம் முழுக்கச் சொன்ன வினைகள், செய்த வினை ஒன்றிரண்டு தேறினால் அது சாலை விபத்து. இந்தப் பக்கத்துக்குச் செய்திப் பக்கம் என்று பெயர் வைத்தவர் யாரோ, இலக்கணம் தெரியாதவர். அறிக்கைப் பக்கம் என்று வைத்திருக்க வேண்டும்.

அறிக்கை என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இரு என்பதிலிருந்து இருக்கை போல அறி என்பதிலிருந்து அறிக்கை, தெரியப்படுத்துதல். கிறிஸ்தவத் தமிழில் பாவ அறிக்கை என்பார்கள், தன் பிழையைத் தானே வாய்விட்டுச் சொல்வது. கோயிலில் முழங்காலிட்டுச் செய்கிற அறிக்கைக்கும் பாதுகாப்பு அமைச்சு வெளியிடுகிற அறிக்கைக்கும் உள்ள தூரத்தை அளக்க என்னிடம் கோல் இல்லை. அறிக்கையில் இருப்பது ஒருவர் எதை அறியப்படுத்த விரும்புகிறாரோ அது. செய்தியில் இருப்பது என்ன நடந்ததோ அது. சிலநேரம் இரண்டும் பொருந்தும். பொருந்தாத நாட்களுக்காகத்தான் நிருபர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது.

நிருபர் என்ற சொல்லுக்கும் ஒரு பொய் வேர் காட்டுகிறார்கள்: நிரூபிப்பவர் நிருபராம். ஆசை நல்ல ஆசை. ஆனால் வழி வேறு. நிருபம் என்றால் மடல், திருமுகம். பவுல் ரோமருக்கு எழுதியது நிருபம் என்று விவிலியத் தமிழ் இன்றும் சொல்கிறது. மடல் எழுதி அனுப்புபவர் நிருபர். இதைவிட உறுதியான சான்று இலங்கை அரச அலுவலகத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் சுற்றறிக்கை என்பதை நாங்கள் சுற்றுநிருபம் என்போம். கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் வந்துவிட்டது என்றால் பாடசாலை அதிபருக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. மேலிருந்து கீழே கட்டளையாய் இறங்குவது சுற்றுநிருபம். கீழேயிருந்து, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வெருகலிலிருந்தும், இங்கே இப்படி நடந்தது என்று மேலே ஏறிப் போவது நிருபரின் நிருபம். ஒரே மடல்தான், போகிற திசை மட்டும் மாறுகிறது. அரசனையும் நிருபன் என்பது பழைய வழக்கு. அது வேறு வடசொல், இதனோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. எங்கள் பிரதேச நிருபர்கள் அரசர்கள் இல்லை என்பது அவர்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது எல்லாரும் ஊடகவியலாளர் ஆகிவிட்டார்கள். ஊடு என்றால் நடு, இடை. ஊடாகச் செல்வது ஊடகம். ‘ஊடல் கொள்வது ஊடகம், ஆகவே அது அரசோடு ஊடவேண்டும்’ என்று ஒரு கவியரங்கில் ஒருவர் பாடக் கேட்டு எல்லாரும் கைதட்டினார்கள். தட்டட்டும். மன்னார்க் குடாக் கரைகளில் ஊடகம் என்பது வெள்ளிநிறச் சிறுமீன் ஒன்றின் பெயர். அதை வைத்தும் அடுத்த கவியரங்கில் பாடலாம்.

ஊரில் சனம் சொல்வது இவை எதையும் இல்லை: பேப்பர்காரர். அந்தச் சொல்லே எனக்குப் போதும்.

நிருபரின் முன்னோர் யார் என்ற கேள்விக்கு ஒற்றர் என்று விடை சொல்கிற ஒரு கூட்டமும் உண்டு. ஒற்றாடல் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தில் தொழில் நுட்பம் இருப்பது உண்மை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனால் சரிபார். ஒருவரை ஒருவர் அறியாமல் மூவரை ஏவி, மூவர் சொல்லும் ஒத்தால் நம்பு என்கிறார் வள்ளுவர். இதைவிடக் கறாரான விதியை எந்தப் பத்திரிகைப் பள்ளியும் வைக்கவில்லை; இன்று வாட்ஸ்அப் குழுமத்தில் வந்ததை மூன்று நிமிடம் பொறுக்காமல் ‘உடனடிச் செய்தி’ என்று ஏற்றுகிறவர்கள் அந்த இரு குறளையும் கைப்பேசியின் முகப்பில் ஒட்டிவைக்கலாம். ஆனால் முறை ஒன்றானால் தொழில் ஒன்றாகிவிடாது. ஒற்றன் சொல்வது ஒருவனுக்கு, அதுவும் காதோடு. நிருபர் சொல்வது ஊருக்கு, பெயர் போட்டு. இந்த வேறுபாடு தெரியாததால் வந்த வினை எங்கள் மண்ணில் கொஞ்சமல்ல. போர்க்காலத்தில் ஆயுதம் வைத்திருந்த ஒவ்வொரு தரப்புக்கும் நிருபர் என்றால் மற்றத் தரப்பின் ஒற்றர். பெயரை மாற்றி அழைத்தபின் சுடுவது எளிது.

இங்கே சுகிர்தராஜனிடம் வருகிறேன். சுப்பிரமணியம் சுகிர்தராஜன், எஸ்.எஸ்.ஆர். என்ற எழுத்துக்களில் எழுதியவர், சுடர் ஒளி நாளேட்டின் பகுதிநேரத் திருகோணமலை நிருபர். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குக் கிட்டடியில், ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். படைத்தரப்பு அறிக்கை சொன்னது: அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து அவர்களே இறந்தார்கள். சுகிர்தராஜன் பிரேத அறைக்குப் போய்ப் படம் எடுத்தார். ஜனவரி 4 ஆம் திகதி அந்தப் படங்கள் சுடர் ஒளியில் வந்தன. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம்.

இதைச் சொல்லாராய்ச்சிக்காரனாக, வெறும் இலக்கணமாகப் பார்க்கிறேன். ஆங்கிலப் பத்திரிகைப் பாடத்தில் யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று ஆறு கேள்வி சொல்லிக்கொடுப்பதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசுவார்கள். பவணந்தியார் 13 ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் வினைக்கு இலக்கணமாக ஆறு பொருளைச் சொல்லிவிட்டார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். தொல்காப்பியர் அதற்கும் முன்னே, இன்னார்க்காக, இன்ன பயன் கருதி என்ற இரண்டையும் சேர்த்து எட்டாக்கி வைத்திருக்கிறார். ஏன் என்ற கேள்விக்கு அந்த இரண்டிலும் இடம் உண்டு. வினைக்கு இலக்கணம் எதுவோ அதுவே செய்திக்கும் இலக்கணம். இரண்டும் செய் என்ற ஒரே பகுதியில் நிற்பவை. தமிழில் நிருபர் கல்லூரி தொடங்குபவர் நன்னூலின் வினையியலை முதல் பாடமாக வைத்தால் போதும்.

அந்த ஆறில் கடற்கரைக் கொலையில் எதற்குச் சண்டை நடந்தது? நிலத்துக்கு இல்லை. காலத்துக்கு இல்லை. இறந்தார்கள் என்பதையும் யாரும் மறுக்கவில்லை. சண்டை முழுவதும் கருவிக்கு: குண்டா, துப்பாக்கியா? அன்று ஒரு கைக்குண்டு வெடித்ததும் உண்மைதான். ஆனால் கொன்றது அது என்றால் செய்பவனும் செயப்படுபொருளும் ஒரே ஆட்கள். வழக்கு அங்கேயே முடிந்தது. தலையில் சுட்ட துவக்கு என்றால் செய்பவன் வேறு யாரோ, அவனைத் தேடவேண்டும். கருவி மாறியதும் வினைமுதல் மாறிவிட்டது. அந்த ஒரு சொல்லை மாற்றியவர் கமராவோடு பிரேத அறைக்குப் போன பேப்பர்காரர். அவர் எவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. படத்தில் இருந்தது காயம் மட்டுமே. அறிக்கைக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துல்லியமாக எந்த அகராதியும் காட்டியதில்லை.

ஜனவரி 24 காலையில் வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜனை ஆளுநர் செயலகத்துக்குக் கிட்டடியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். படங்கள் வெளிவந்து மூன்று கிழமை கூட ஆகவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை.

பழந்தமிழில் சாட்சிக்குக் கரி என்று பெயர். வள்ளுவர் இந்திரனைக் கரியாக நிறுத்துவார். சிலப்பதிகாரத்துப் புகாரில் பொய்க்கரி சொல்பவரைப் பாசத்தால் கட்டிப் புடைத்துண்ணச் சதுக்கத்தில் ஒரு பூதம் காத்திருக்கும். கரிக்குக் கெடுதி செய்ய வேண்டும் என்று எந்தப் பூதமும் எங்கும் நின்றதாக இளங்கோ சொல்லவில்லை. அது எங்கள் காலத்துக் கண்டுபிடிப்பு. சுகிர்தராஜன் கொல்லப்பட்ட அந்த ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர தின மாநாட்டை யுனெஸ்கோ கொழும்பில் நடத்தியது. மே 2 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் உதயன் நாளேட்டின் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் யார் என்று யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னதை அரசு மறுத்தது. ஜனவரியில் நடந்ததைப் பார்த்த எந்த நிருபர் ஓகஸ்டில் தோணி பிடித்து மூதூருக்குப் போய்க் காயத்தைப் படம் எடுப்பார்? ஒருவரைக் கொன்றவர்கள் அடுத்து வரவிருந்த செய்திகளையும் சேர்த்தே கொன்றார்கள். இந்த இடத்தில் மட்டும் பதாகைக்காரர்களின் புறநானூற்றுப் பிழையை நான் கொஞ்சம் மன்னிக்கிறேன்.

இனி என் கடைசிச் சொல், இனந்தெரியாத. தமிழ்நாட்டுப் பத்திரிகைக்கு மர்ம நபர். எங்களுக்கு இனந்தெரியாத நபர், இனந்தெரியாத ஆயுததாரி. போர்க்காலப் பத்திரிகைகளை எடுத்துப் புரட்டினால் நாளுக்கு நாள் இவர்தான் எழுவாய். ‘இனந்தெரியாதோரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.’ இனம் என்றால் இங்கே வகை, அடையாளம். ஒவ்வொரு படிவத்திலும் இனம் எழுதச் சொல்லும் நாட்டில், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இனம் கேட்டு நிறுத்திய நாட்டில், துவக்கோடு போனவனுக்கு மட்டும் இனம் தெரியாமல் போனது. அந்தத் தொடரை எழுதிய ஆசிரியர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். செயப்பாட்டுவினை தமிழில் அரிதாகவே வழங்கும் என்று இலக்கண ஆசிரியர்கள் சொல்வார்கள். ஈழத்துப் பத்திரிகைத் தமிழில் அது பெருகியதற்குக் காரணம் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று ஒரு பேராசிரியர் எழுதினார். இல்லை. காரணம் பயம். பட்டார், பட்டார் என்று எழுதினால் செய்பவனுக்கு இடம் காட்டவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காலத்துக்கு அது கவசம். இந்தக் காலத்துக்கு அது சோம்பல். துவக்கு இறங்கிய பிறகும் மணல் அள்ளுகிறவர், காணி பிடிக்கிறவர், தடைசெய்த வலை போடுகிறவர் எல்லாரும் எங்கள் பக்கங்களில் இனந்தெரியாதோராகவே திரிகிறார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் பெயர் தெரியும். நிருபர் போய்க் கேட்டால் மூவர் சொல் ஒத்துவரும். போவதில்லை, கச்சேரியிலிருந்து அறிக்கை வந்துவிடுகிறது, தெரிவித்தார் என்று முடித்துவிடலாம்.

கடற்கரைக் கொலை வழக்கில் விசேட அதிரடிப் படையினர் 12 பேர் உள்ளிட்ட 13 பேரைத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது. சான்று போதாதென்று தீர்ப்பு. நிலம் பதிவில் இருக்கிறது. காலம் இருக்கிறது. செயல், செயப்படுபொருள், கருவி எல்லாம் இருக்கின்றன. கருவியைப் பதிவில் ஏற்றியவர்தான் இல்லை. பவணந்தியார் முதலாவதாக வைத்த செய்பவன் இடம் வெறுமையாகவே கிடக்கிறது. செய்தி செய் என்ற பகுதியில் பிறந்தது என்பதற்கு இன்னும் கல்வெட்டுச் சான்று கொண்டுவா என்று என்னைக் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். செய்தவனைச் சொல்லாத எதையும் நான் செய்தி என்று எழுதப் போவதில்லை. அதற்கு அறிக்கை என்ற பெயர் சும்மாதானே கிடக்கிறது.